அல்சூரிலிருந்து அண்டவெளிக்கு!

விஞ்ஞானக் கதையோ மாயாஜாலக் கதையோ, எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது ஊர்ப் பெயர்களைத்தான். கதாநாயகன், வில்லன் எல்லாம் அப்புறம். வானத்தில் இரண்டு சூரியன், பேசும் சிங்கம், பறக்கும் கோட்டை என்று எதை வேண்டுமானாலும் காட்டட்டும்; அதற்கு நடுவே டிக்கெட் எடுத்துப் போய் இறங்கக்கூடிய ஒரு நிஜ ஊரின் பெயர் எட்டிப் பார்த்தால் போதும், எனக்குப் புல்லரித்துவிடும்!

ஆரம்பித்து வைத்தது நார்னியா. இத்தாலியில் நார்னி என்று ஒரு மலையூர் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் அதற்கு நார்னியா என்றே பெயர். சி. எஸ். லூயிஸ் பழைய அட்லஸ் ஒன்றில் பார்த்து, ஓசை பிடித்துப்போய் எடுத்துக்கொண்ட பெயராம் அது. அடுத்து ‘ஸ்டார் வார்ஸ்’. லூக் ஸ்கைவாக்கர் வளர்ந்த டாட்டூயின் கிரகத்தின் பெயர், டுனீசியாவின் தெற்கே இருக்கும் டட்டாவின் நகரத்துடையது. படம் பிடிக்கப் போன நாட்டிலிருந்து மணலோடு சேர்த்துப் பெயரையும் அள்ளி வந்துவிட்டார் ஜார்ஜ் லூகாஸ்!

ஆனால் என்னைத் துள்ள வைத்தவர் ராபர்ட் இ. ஹாவர்ட். பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தக அடுக்குகளில் கிடைத்த அவருடைய கோனன் கதைத் தொகுப்பு ஒன்றை நின்றபடியே புரட்டிக்கொண்டிருந்தேன். வெந்தியா என்றொரு நாடு வந்தது. விந்தியம்தான், சந்தேகமே இல்லை! அதன் தலைநகரம்? அயோத்தியா! டெக்சாஸின் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் உட்கார்ந்துகொண்டு, இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் 1934இல் எழுதியது. “பாருங்க சார், பாருங்க!” என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடம் காட்டினேன். பாவம், அவர் சமையல் புத்தகம் தேட வந்தவர்.

ராஜமௌலி மட்டும் சளைத்தவரா? ‘பாகுபலி’யின் மாகிஷ்மதி இதிகாச புராணங்களில் வரும் பழைய நகரம். நர்மதைக் கரையில் இருக்கும் மகேஸ்வர்தான் அது என்பது இன்று பலருடைய முடிவு. ஆனால் பெங்களூரிலேயே பிறந்து, கர்நாடகக் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த பி. எல். ரைஸ், அது மைசூர்தான் என்று கருதினார். இரண்டாம் பாகத்தில் தேவசேனா பிறந்த குந்தள நாடும் அசல் சரக்கு. கல்யாணிச் சாளுக்கியர் ஆண்ட வட கர்நாடகப் பகுதிக்கு அந்தப் பெயர்தான் இருந்தது. தியேட்டரில் எல்லோரும் பிரபாஸுக்கு விசிலடித்தபோது நான் குந்தளத்துக்கு விசிலடித்தேன்.

ஏன் இந்தக் கொண்டாட்டம்? மேசையில் உட்கார்ந்து ஜோடித்த பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் புதுசாகத்தான் இருக்கும். நிஜ ஊரின் பெயரோ தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் வாயில் உருண்டு தேய்ந்து வந்தது. அந்த ஒரு பெயரை வைத்ததும் நேற்று எழுதிய ராஜ்யத்துக்குக்கூட ஆயிரம் வருஷ வயசு வந்துவிடுகிறது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். 2019இல் வந்த ‘அபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ என்ற வீடியோ கேமில், தொலைதூரக் கிரகங்களில் சண்டை போடும் ஒரு சிப்பாய்ப் பெண்ணுக்குப் பெயர் பெங்களூர்! இயற்பெயர் அனிதா வில்லியம்ஸ். புகைக்குண்டு வீசுவதில் கில்லாடி. அக்கா மகன் ஆடும்போது ஹெட்போனுக்குள்ளிருந்து யாரோ ஒரு வெளிநாட்டுப் பையன் “பெங்களூர், பெங்களூர்” என்று கத்துவது கேட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சிப்பாய்க்கு இந்தப் பெயர் எப்படிப் பொருந்தியது என்று கேட்டால் கதை அல்சூர் ஏரிப் பக்கம் வருகிறது. 1912இல் இங்கே மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்த கேப்டன் மெக்ளிண்டாக், துண்டு துண்டாக இணைத்து நீட்டக்கூடிய குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்து, முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்க வைக்கும் ஆயுதத்தை உருவாக்கினார். அதுதான் ‘பெங்களூர் டார்பிடோ’. 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் முள்வேலிகளை உடைத்து வழி திறந்தது அதுவே. உலகம் முழுக்கப் படைவீரர்கள் அதைச் சுருக்கமாக ‘பெங்களூர்’ என்றே கூப்பிடுகிறார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்களுக்கு ராணுவத்தில் செல்லப் பெயர் ‘தம்பி’. நம் தம்பிகளின் பட்டறையிலிருந்து புறப்பட்ட பெயர்தான் இப்படி அண்டவெளி வரை போயிருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வேன்!

இதெல்லாம் ஒரு தட்டு என்றால், லாவண்யா லட்சுமிநாராயணின் ‘அனலாக்/விர்ச்சுவல்’ இன்னொரு தட்டு. 2020இல் வந்த நாவல். 2023இல் ‘தி டென் பர்சென்ட் தீஃப்’ என்ற பெயரில் வெளிநாட்டுக்குப் போய், 2024 ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலிலும் ஏறியது. இதில் மற்றவர்கள் செய்ததற்கு நேர்மாறான வேலை நடக்கிறது. ஊர் இருக்கிறது, பெயரைப் பறித்துவிட்டார்கள்! ஒரு காலத்தில் பெங்களூராக இருந்த நகரம் இப்போது அபெக்ஸ் சிட்டி. ஆள்வது பெல் கார்ப். ‘பெல் கர்வ்’ வைத்து ஜனங்களைத் தரம் பிரிக்கிறார்கள்: மேல்தட்டு 20 சதவீதம், நடுவில் 70, கடைசி 10 சதவீதம் ஆட்டத்திலேயே இல்லை. ஐ.டி. கம்பெனியில் அப்ரைசல் சீசனைத் தாண்டி வந்தவர்களுக்கு இது எதிர்காலக் கதையாகவா தோன்றும்? எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பக்கத்தைத் திருப்பாமலும் இருக்க முடியவில்லை. 2014 நவம்பர் 1 அன்று அரசாணைப்படி பெங்களூர் ‘பெங்களூரு’ ஆனதைப் பார்த்த எங்களுக்கு, பெயர் என்பது எவ்வளவு பெரிய விவகாரம் என்று தெரியும். இந்த நாவலில் பழைய பெயர் ஞாபகம் வரும்போதெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

கற்பனை திரும்பி வந்து நிஜ ஊரைத் தொடுவதும் உண்டு. டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டு நகரமான ஆங்க்-மோர்போர்க்கை 2002இல் இங்கிலாந்தின் விங்கன்டன் தன் இரட்டை நகரமாக ஏற்றுக்கொண்டது. பிறகு அங்கே புதிய தெருக்களுக்கு அந்தக் கதைகளின் தெருப் பெயர்களையே சூட்டினார்கள். என்ன ரசனை!

தமிழில் விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். கிரகத்துக்கு ‘எக்ஸ்-17’, ‘ஸோரான்’ என்றெல்லாம் பெயர் வைத்தது போதும். நம் ரயில்வே டைம்டேபிளைத் திறவுங்கள். வியாழனின் சந்திரன்களுக்குப் போகிற கப்பல்கள் எல்லாம் பாதை மாறும் இடத்துக்கு ஜோலார்பேட்டை ஜங்ஷனை விடப் பொருத்தமான பெயர் உண்டா? தங்கம் தோண்டும் சிறுகோளுக்குப் பங்காருப்பேட்டை என்று வையுங்கள். நடுநிசியில் விண்கலம் நின்றதும் இட்லி வடைக்காரர் ஏறினால் இன்னும் விசேஷம். எழுதிவிட்டுச் சொல்லுங்கள், முதல் பிரதியை முழு விலை கொடுத்து நான் வாங்குகிறேன்!