துன்பமும் இறையருளும்: லூயிஸ் நூல்கள் இரண்டின் ஆராய்ச்சி

உயிர்கள் துன்புறுதல் கண்கூடு. இறைவன் ஒருவன் உளன் எனவும், அவன் முடிவிலாற்றலும் பேரருளும் உடையன் எனவும் கொள்ளும் சமயம் யாதாயினும், அத்துன்பம் வந்தவாறு யாங்ஙனம் என்னும் வினாவிற்கு விடை கூறக் கடமைப்பட்டதேயாம். அருளுடையான் துன்பத்தை நீக்க விரும்புவன்; ஆற்றலுடையான் விரும்பியதை முடிப்பன்; துன்பமோ நீங்கிற்றிலது. இத்தடையைக் கிறிஸ்தவ சமயத்தார் கடக்க முயலுமாற்றை அறிதற்கு, ஆக்ஸ்போர்டிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் ஆங்கில இலக்கியம் கற்பித்த சி. எஸ். லூயிஸ் (1898–1963) இயற்றிய நூல்கள் இரண்டு பெரிதும் துணைபுரிவன. ஒன்று 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிராப்ளம் ஆப் பெயின்'. துன்பமாகிய சிக்கல் என்பது அதன் பொருள். மற்றொன்று 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த 'எ கிரீப் அப்சர்வ்டு'. கூர்ந்து நோக்கப்பட்ட துயரம் என்பது அதன் பொருள். முன்னது ஆராய்ச்சியிற் பிறந்தது. பின்னது மனைவியை இழந்த துயரிற் பிறந்தது.

சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியர் பிறர் கொள்கையை அவர் கூறுமாறே முன்னர் எடுத்தோதிப் பின்னரே மறுப்புக் கூறுவர். அம்முறையே ஈண்டும் கொள்ளத்தக்கது. லூயிஸ் கூறுவது வருமாறு: அன்பாவது ஒருவன் விரும்பியதை விரும்பியவாறே கொடுத்து மகிழ்வித்தல் அன்று. தந்தை மகனைத் திருத்துகின்றான். ஓவியன் தான் உயர்வாக மதிக்கும் ஓவியத்தையே பன்முறை அழித்துத் தீட்டுகின்றான். அவ்வாறே இறைவன் உயிரைச் செம்மை செய்யுங்கால் அவ்வுயிர் நோவுறும். மக்கள் துன்பத்துள் ஐந்தில் நான்கு கூறு, அவர் தமக்களிக்கப்பட்ட தன்னுரிமையைத் தீநெறியிற் செலுத்தியதால் விளைந்தது எனலாம். கசையும் சிறையும் படைக்கலமும் செய்தோர் மக்களே. எஞ்சியதும் பயனற்றதன்று. தானே தனக்குப் போதும் என்று இன்பத்துள் ஆழ்ந்து கிடக்கும் உயிரைத் துன்பமே எழுப்பி இறைவன்பால் திருப்புகின்றது.

இவற்றுட் பெரும்பாலன சைவர்க்குப் புதியன அல்ல. இறைவன் ஒறுத்தலும் அருளே என்பதும், அது தந்தை மக்களை ஒறுத்தல் போல்வது என்பதும் சித்தியார் சுபக்கத்துள் விளங்கக் கிடப்பன. சைவர் இதனை மறக்கருணை என வழங்குப. ஆதலின் இப்பகுதியைக் குறைகூறுதல் சைவ நூல்களையே குறைகூறுதலாய் முடியும்.

இடர்ப்பாடு வேறோரிடத்தில் உளது. பிறந்து பத்து நாளாகாத மகவு நோயால் துடித்து இறக்கின்றது. அது தன்னுரிமையைத் தீநெறியிற் செலுத்திற்றிலது. திருந்துதற்கும் அதற்குக் காலமில்லை. ஆதி மனிதரின் வீழ்ச்சியைக் கிறிஸ்தவர் காரணமாகக் கூறுவர். முன்னோன் குற்றத்திற்குப் பின்னோரைத் தண்டித்தல் முறையன்றெனக் கண்ட லூயிஸ், மனிதவினமே தன்னைக் கெடுத்துக்கொண்டது, அவ்வினத்துட் பிறப்போர் அக்கேட்டோடு பிறக்கின்றனர் என்று மாற்றியுரைத்தார். அவ்வாறுரைப்பினும், முற்பிறப்பில்லாத ஓருயிரைப் படைத்து அவ்வினத்துள் விடுத்தவன் யாவன் என்னும் வினா அவ்வண்ணமே நிற்கின்றது. விலங்குகளின் துன்பத்திற்கு அவர் தனியே ஓர் இயல் வகுத்தார். ஆண்டும், மனிதர் தோன்றுதற்கு முன்னரே சாத்தான் விலங்குலகைக் கெடுத்திருத்தல் கூடும் என்று ஊகித்தாரன்றித் துணிந்து கூறிற்றிலர். அந்நேர்மை போற்றத்தக்கது, எனினும் அஃது விடையாகாது.

இனி இரண்டாம் நூல். லூயிஸ் 1956-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்பாற் புலவர் ஜாய் டேவிட்மனை மணந்தார். அவ்வம்மையார் புற்றுநோயால் 1960-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இறந்தார். 1908-இல், லூயிஸ் ஒன்பது வயதுச் சிறுவராயிருந்தபொழுது, அவர் அன்னையாரைக் கொண்டதும் அந்நோயே. மனைவியை இழந்தபின் எழுதிய குறிப்புக்களை என். டபிள்யூ. கிளர்க் என்னும் புனைபெயரால் வெளியிட்டார். இருபதாண்டுகட்கு முன் தாம் வகுத்த காரணங்கள் அப்பொழுது அவரைத் தாங்கவில்லை. இடுக்கண் உற்றுழி இறைவனை நாடிச் சென்றவர்க்குக் கதவு அடைபட்டதாகவே தோன்றிற்று. இறைவன் இலன் என்று துணிதலினும், அவன் கொடியன் என்று துணிய நேருமோ என்பதே அவர் அச்சம். பின்னர், அக்கதவு அடைபட்டது தம் கதறலாலேயோ என எண்ணுகின்றார். இறுதியில் அவர் பெற்றது ஒருவகை அமைதி, விடை அன்று.

இதுகொண்டு பின்னூல் முன்னூலை அழித்தது என்பார் உளராயின், அவர் அறியார். அறிவின்கண் எழும் தடையை நீக்குதலே தம் கருத்தென்றும், துன்பத்தைப் பொறுக்கக் கற்பிக்கும் தகுதி தமக்கில்லை என்றும் லூயிஸ் முன்னூலின் முகவுரையிலேயே கூறியுள்ளார். காரணம் அறிதல் வேறு, ஆறுதல் பெறுதல் வேறு என்பதே இரண்டையும் ஒருங்கு நோக்குவார்க்குப் புலனாவது. பழைய ஏற்பாட்டிலுள்ள யோபு வரலாறும் இதனையே காட்டும். யோபுவின் நண்பர் மூவர் ஏழு பகலும் ஏழிரவும் அவனருகே வாய்பேசாதிருந்தனர். அதுவரை அவர் பிழைத்திலர். நின் பாவமே இதற்குக் காரணம் என்று வாய்திறந்தபொழுதே பிழைத்தனர். முடிவில் இறைவன் சினம் அந்நண்பர் மேலதாயிற்று.

சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்னும். உயிரை இறைவன் படைத்திலன். செம்பிற் களிம்புபோல ஆணவம் உயிரை அநாதியே பற்றியது. மகவும் விலங்கும் முன்வினையோடு வந்தனவே. அவ்வினையை நுகர்ந்து மலம் பரிபாகமுறுதற்பொருட்டே உடலும் உலகும் அருளப்பட்டன. ஆதலின் குற்றம் இறைவனைச் சாராது. அற்றேல், மலம் அநாதியாயின் இறைவன் ஆற்றல் அதனால் வரையறைப்படாதோ எனின், படாது. மலம் அறிவில்லாத சடம். திரோதான சத்தியின் வழியன்றி அது தொழிற்படாது என்க. ஆணவம் ஏன் உளதாயிற்று என்பார்க்கு, அநாதி என்பதன்மேல் விடையில்லை என்பதையும் மறைத்தல் வேண்டா.

எனினும் இவ்விடையைக் கற்ற சைவர், மகவை இழந்த தாய்முன் நின்று இஃது உன் வினை என்பாராயின், யோபுவின் நண்பரே ஆவர். வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கும், பிறர்க்குத் தீங்கு செய்யாமைக்கும் கூறப்பட்டது. பிறர் துன்பத்தை அளந்து தீர்ப்புக் கூறுதற்கன்று. துன்புறுவாரோடு கடவுளும் சிலுவையில் துன்புற்றார் எனக் கிறிஸ்தவர் நம்புவர். பிறப்பிறப்பில்லாத சிவபெருமானுக்குச் சைவர் இதனை ஏற்றிக் கூறார். ஆயினும் அந்நம்பிக்கையால் நோயாளர் அருகிருந்து பணிசெய்யும் தொண்டு அவரிடைத் தழைத்தது என்பதை மறுத்தல் அறமன்று.

அத்தொண்டின் நெறி சைவத்தும் உண்டு. பரசமயம் புக்க திருநாவுக்கரசர் சூலைநோயால் வருந்தி இரவில் தமக்கையார் அடியில் வீழ்ந்தபொழுது, திலகவதியார் அந்நோயின் காரணத்தை அறிந்திருந்தார். இறைவனே அதனைக் கனவில் உணர்த்தியிருந்தான். தம்பியின் பிழையை ஒரு சொல்லாற் குறித்தாராயினும், அதனை விரித்து இடித்துரைத்திலர். எழுந்திருக்கச் சொன்னார், ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார், விடியுமுன் திருவதிகை வீரட்டானத்திற்கு உடன்கொண்டு சென்றார். அந்நோயை அருளென உணர்தல் நோயுற்றார்க்கே பின்னர் எய்திற்று. விடை அறிந்தார் துன்புற்றார்க்குச் செய்யத்தக்கது இதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.