கடன் தீர்ந்தபின் மன்னிப்பு ஏது?

சிலுவை மரணம் எவ்வாறு மீட்பளிக்கிறது என்பதற்குத் தொடக்ககாலத் திருச்சபையின் பொதுச்சங்கங்கள் ஒரே விளக்கத்தை வரையறுக்கவில்லை. எனவே, மேற்குலகில் பெரும் செல்வாக்குப் பெற்ற ஆன்செல்மின் விளக்கத்தையே நாம் இங்கு ஆய்கிறோம்.

கேன்டர்பரி பேராயரான அவர் 1098இல் நிறைவுசெய்த 'கடவுள் ஏன் மனிதரானார்' என்னும் நூலின் வாதம் இது: பாவம் இறைவனுக்குரிய மாண்பைப் பறிக்கிறது, ஈடு செய்யக் கடமைப்பட்டவன் மனிதன், செய்ய வல்லவன் இறைவன் மட்டுமே, ஆகவே இறைமனிதர் ஒருவர் தேவை. ஈடின்றி மன்னித்தால் நீதி குலையும் என்ற அவரது கவலை புறக்கணிக்கத் தக்கதன்று.

ஆனால், திரித்துவத்தை மறுத்த இத்தாலியக் கிறித்தவ அறிஞர் சொசினஸ், 1594இல் அச்சேறிய தம் நூலில் எழுப்பிய வினா இன்றும் நிற்கிறது. கடன் முழுவதும் செலுத்தப்பட்டுவிட்டால் மன்னிக்க என்ன எஞ்சுகிறது? மன்னிக்கப்பட்டதெனில் செலுத்துவானேன்?

இறைவனைக் கடன் கொடுத்தவராக அன்றி ஆட்சியாளராகக் கருதவேண்டும் என 1617இல் குரோஷியஸ் விடையிறுத்தார். எனினும், குற்றமற்றவர் துன்புறுவதால் ஆட்சியாளரின் நீதி எங்ஙனம் நிலைபெறும்? ஒருவரின் பாவத்தை மற்றவர் சுமப்பதில்லை என்பது எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தின் சாரம். திருக்குர்ஆனும் இதனைப் பன்முறை வலியுறுத்துகிறது.

அவ்வாறாயின் ஆன்செல்மின் கவலைக்கு நம் விடை யாது? தவ்பா வெறும் சொல்லன்று. வருந்துதல், பாவத்தை விடுதல், மீளாதிருக்க உறுதிபூணுதல் ஆகியவற்றுடன், பிறரிடம் பறித்த உரிமையைத் திருப்பியளிப்பதும் அதன் நிபந்தனை. ஈடு செய்பவன் பாவம் செய்தவனே. மன்னிப்போ அல்லாஹ்வின் அருள். இங்கு நீதியும் குலைவதில்லை, மன்னிப்பும் பொருளிழப்பதில்லை.