மூலமும் பாடபேதமும்: ஒரு வாக்னர் ஒலிப்பதிவின் மறுபதிப்புகள்

‘மூல நாடாவுக்கே திரும்பியுள்ளோம்’ என்பது, பழைய ஒபரா ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்ப விற்கும் கம்பனிகளின் நிரந்தரச் சுலோகம். ஏட்டுச்சுவடிகள் அச்சேறிய வரலாறு தெரிந்த எமக்கு இச்சுலோகம் சற்றுச் சந்தேகத்தைத் தரவேண்டும். தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் உழைத்த மரபில், பாடபேதத்தை மறைப்பவரைப் பதிப்பாசிரியர் என்பதில்லை. ஒலிப்பொறியியலாளர்களிடம் இதே நேர்மையை நாம் ஏன் எதிர்பார்ப்பதில்லை?

எடுத்துக்காட்டாக, சொல்டி நெறிப்படுத்திய வாக்னரின் ‘நிபெலுங்கின் மோதிரம்’. 1958 முதல் 1965 வரை, டெக்காவுக்காக ஜோன் கல்ஷாவின் தயாரிப்பில், வியன்னாவின் சோபியன்சாலில் பதிவானது. முன்பு நீச்சற்குளமாகவிருந்த மண்டபம் அது. தளத்தின் கீழிருந்த வெற்றிடமே அதன் கார்வைக்குக் காரணம் என்பர். 2001 இல் அம்மண்டபம் தீக்கிரையானது. பின்னர் மீளக் கட்டினார்கள். ஆனால் அந்தப் பழைய கார்வை இன்று நாடாவில் மட்டுமே உள்ளது.

அதனாற்றான் 1997 ஆம் ஆண்டு மறுபதிப்பின் மீது எனக்குக் கோபம். நாடாவின் இரைச்சலை ‘சீடர்’ என்னும் கணினி முறையால் அகற்றினார்கள். இரைச்சல் போயிற்று, ஒரு சுரம் ஓய்ந்தபின் மண்டபத்தில் தேயும் அந்த மெல்லிய வாலும் அதனுடன் போயிற்று. இரண்டும் ஒரே மெல்லிய தளத்தில் வாழ்பவை. ஒன்றை உரிக்கும்போது மற்றதும் உரியும். அதுவும் தேவையற்ற வேலை. எட்டு மணித்தியாலம் இயந்திரத்தின் அருகில் நிற்கும் எனக்கு இது தெரியும்: அவ்வளவு இரைச்சலுக்குள்ளும் பக்கத்தில் நிற்பவனின் குரலைக் காது தானாகவே பிரித்தெடுத்துவிடும். காதுக்கு உதவி வேண்டியதில்லை.

‘றைன்கோல்ட்’டில் நிபெல்ஹைமுக்கு இறங்கும் இடத்தைக் கேட்டுப்பாருங்கள். வாக்னர் கேட்ட 18 பட்டடைகளையும் கல்ஷா உண்மையாகவே திரட்டி அடிக்கவைத்தார். அந்நிலவறையை முதலாளியத் தொழிற்சாலையாகப் பெர்னாட் ஷோ 1898 இலேயே வாசித்துவிட்டார். அந்த வாசிப்புக்கு ஒலி வடிவம் தருவது இப்பதிவே. 1980களின் குறுந்தட்டில் இரும்பு இரும்பாகக் கேட்கிறது, சற்றுக் கூர்மையாக. 1997 இல் அடி உண்டு, அடித்தபின் எழும் அதிர்வு குறுகிவிட்டது. 2022 இல் பட்டடைகள் ஒன்றுக்கொன்று வெவ்வேறு தூரத்தில் நிற்கின்றன. கூட்டமாக வேலை செய்பவர்களின் ஓசை அது.

ஆனால் 2022 ஆம் ஆண்டுப் பதிப்பு வேறொரு கேள்வியை எழுப்புகிறது. 2012 இல் வெளியான பதிப்பு, மூல நாடாக்கள் பழுதடைந்துவிட்டன என்று கூறி, 1997 இல் எடுத்த எண்மப் பிரதியையே அடிப்படையாகக் கொண்டது. பத்து ஆண்டுகள் கழித்து அதே நாடாக்களைச் சூட்டில் உலர்த்தி, 24 பிற், 192 கிலோஹேர்ட்ஸில் புதிதாகப் பிரதி எடுத்தார்கள். இரு கூற்றுக்களும் உண்மையாக இருக்கலாம். உலர்த்தும் முறையோ 2012 இலும் இருந்ததுதான். விலை உயர்ந்த பெட்டியொன்றை 2012 இல் வாங்கியவர் எதை வாங்கினார்?

இன்னொன்று: இரு தடங்களில் பதிவான இசையை டொல்பி அற்மொஸ் என்ற பெயரில் நாற்புறமும் பரப்பியிருக்கிறார்கள். முன்னர் மோனோப் பதிவுகளைப் போலி ஸ்டீரியோவாக்கி விற்ற காலம் நினைவுக்கு வருகிறது. கலாஸின் 1953 ஆம் ஆண்டு ‘தொஸ்கா’ நல்வாய்ப்பாக 2014 இல் மோனோவாகவே மறுபதிப்புப் பெற்றது. டி சபாத்தா லா ஸ்காலாவில் எழுப்பிய அந்த இறுக்கத்துக்கு இடவலம் எதற்கு?

பிந்தியது எல்லாமே சிறந்தது என்றோ, பழையதே தூய்மையானது என்றோ நான் வாதிடவில்லை. எந்த நாடா, எந்த வேகம், எங்கே என்ன அகற்றப்பட்டது என்பதைச் சிறுநூலில் இரண்டு பக்கம் எழுதுவதில் கம்பனிக்கு என்ன நட்டம்? பாடகர்களின் படங்களுக்கு அதைவிடக் கூடிய பக்கங்கள் கிடைக்கின்றன.

வாங்க விரும்புவோருக்கு: ‘றைன்கோல்ட்’ ஒன்றுதான் வாங்க வசதி என்றால் 2022 ஐ, ஸ்டீரியோவில் வாங்குங்கள். 1980களின் தட்டுக்களை வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு விற்றுவிடவேண்டாம். ‘சீடர்’ தொடாத பாடம் அது.