படத்தில் மறையும் புள்ளிகள்

விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் முதுமையில் வரும் சிதைவின் தொடக்கத்தில் விழித்திரைக்கு அடியில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் படிகின்றன. ட்ரூசன் என்பது அவற்றின் பெயர். மெல்லிய லேசர் பாய்ச்சினால் பல கண்களில் அவை கரைகின்றன. 1970களிலேயே கண்ட உண்மை இது, மறுப்பதற்கில்லை. நானோநொடி லேசர் வந்தபின் இம்முறைக்கு மறுபடி ஆதரவு கூடியிருக்கிறது. வலியில்லை, தழும்பில்லை, முன்கூட்டியே வைத்துக்கொண்டால் என்ன நஷ்டம் என்பது வாதம்.

வடசென்னையில் இது எளிதில் எடுபடும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை 'கண்ணுக்கு லேசர் வச்சாங்க' என்றால் பெரும்பாலும் சர்க்கரையால் கெட்ட விழித்திரைக்கு வைத்தது, இல்லையேல் புரை ஆபரேஷனுக்குப் பின் மங்கிய சவ்வைத் திறந்தது. இரண்டும் பலன் தருபவை. அவை ஈட்டிய நல்ல பெயரைத்தான் ட்ரூசன் லேசர் இரவல் வாங்குகிறது.

குறை அடிப்படையிலேயே இருக்கிறது. இச்சிகிச்சையின் வெற்றி விழித்திரைப் படத்தில் அளக்கப்படுகிறது, பார்வையில் அல்ல. ட்ரூசன் நோயின் தடயம், நோய் அதுவல்ல. எண்ணூர் மொட்டைமாடியில் படியும் அனல்மின் சாம்பலைக் காலையில் துடைத்தால் தரை பளிச்சென்று இருக்கும், புகைபோக்கிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அமெரிக்காவின் கேப்ட் ஆய்வு இதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டியது. இரு கண்ணிலும் பெரிய ட்ரூசன் உள்ள 1,052 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் வைத்து, மறுகண்ணைச் சும்மா விட்டார்கள். ஒரே உடம்பு, ஒரே வயது, ஒரே பழக்கவழக்கம். இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைப்பது அரிது. ஐந்தாண்டு முடிவில் பலகையில் மூன்று வரி அல்லது அதற்கு மேல் பார்வை இழந்தவை லேசர் வைத்த கண்களில் 20.5 சதவீதம், வைக்காதவற்றிலும் அதே 20.5. புது ரத்தக்குழாய் முளைத்துக் கசியும் வகை வந்தது இரு பக்கமும் 13.3 சதவீதம். 2006இல் இம்முடிவு வெளிவந்தபோதே விவாதம் முடிந்திருக்க வேண்டும்.

நஷ்டமில்லை என்பதும் சரியல்ல. ஒரு கண்ணில் ஏற்கெனவே கசிவு வகை வந்தவர்களின் மறுகண்ணுக்கு டயோட் லேசர் வைத்த மற்றோர் ஆய்வில், முதலாண்டிலேயே 15.8 சதவீதக் கண்களில் புது ரத்தக்குழாய் முளைத்தது, வைக்காதவற்றில் 1.4. எஞ்சிய ஒரே நல்ல கண்ணை நம்பி வாழ்பவருக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

நானோநொடி லேசர் பார்வைச் செல்களைச் சுடாது என்பது உண்மைதான். ஆனால் 292 பேரிடம் 36 மாதம் நடந்து 2019இல் வெளியான லீட் ஆய்வில், நோய் முற்றுவதை அது குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை. வலைவடிவ ட்ரூசன் இல்லாதவர்களுக்குப் பலன் தெரிந்தது என்கிறார்கள். அது முடிவு வந்தபின் பிரித்துப் பார்த்த கணக்கு. அதே கணக்கில் அவ்வகை ட்ரூசன் உள்ளவர்களின் போக்கு எதிர்த்திசையில் சென்றது. அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைவதற்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை. இன்னொரு பெரிய ஆய்வு உறுதிசெய்யாதவரை இதைச் சிகிச்சை என்று விற்பது முறையாகாது.

லேசருக்கு வெளியே உள்ளவை கவர்ச்சியற்றவை. பீடி, சிகரெட்டை விடுவது முதலாவது. 2001இல் வெளியான ஆரெட்ஸ் ஆய்வின் விட்டமின்–துத்தநாக மாத்திரை, இடைநிலையை எட்டியவர்களுக்கு நோய் முற்றும் அபாயத்தை ஏறத்தாழ கால்பங்கு குறைத்தது. தொடக்கநிலைக்கு அதனால் பயனில்லை. மீதி கண்காணிப்புதான். ஆம்ஸ்லர் கட்டத்தாளை ஒரு கண்ணை மூடி, மறுகண்ணால் பார்க்கச் சொல்வார்கள். காசிமேட்டில் வலை முடைகிறவருக்குத் தாள்கூட வேண்டாம். ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கையில் நேரான வலைக்கண்ணிகள் நடுவில் நெளிந்தால் கசிவு தொடங்கியிருக்கக்கூடும். அந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் போனால் கண்ணுக்குள் போடும் ஊசி பார்வையைப் பிடித்து நிறுத்த வாய்ப்புண்டு.