தட்டாத மோட்டாரும் தட்டுப்பாட்டுக் கதையும்

கடையில் ஒரு பொருள் கிடைக்கவில்லை. ஏன்? வாங்க வருகிறவர்கள் அதிகமாக இருக்கலாம். அல்லது செய்கிறவரால் செய்து முடிக்க முடியாமல் இருக்கலாம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற நமக்கு இரண்டும் ஒன்றுதான்: "ஸ்டாக் இல்லை சார்". ஆனால் முதல் காரணத்தைச் சொன்னால் கம்பெனிக்குப் பெருமை, இரண்டாவதைச் சொன்னால் மானக்கேடு. எந்தக் காரணம் வெளியே வரும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

இந்த இரண்டு காரணங்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதற்கு நல்ல உதாரணம், 2015-ல் வந்த முதல் ஆப்பிள் வாட்ச். அந்த நாட்களில் வந்த செய்திகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியதை எழுதி வைக்கிறேன். கொஞ்சம் சொந்தக் கதையும் உண்டு, கடைசியில் வரும்.

முதலில் தேதிகள். 2014 செப்டம்பர் 9 அன்று வாட்சை அறிவித்தார்கள், அடுத்த வருடத் தொடக்கத்தில் வரும் என்றார்கள். 2015 ஏப்ரல் 10 முன்பதிவு, ஏப்ரல் 24 விற்பனை, மொத்தம் ஒன்பது நாடுகள். முன்பதிவு தொடங்குவதற்கு முன்பே, தேவை எங்கள் கையிருப்பை மிஞ்சும் என்று கம்பெனியே சொல்லிவிட்டது. அப்படியேதான் நடந்தது. பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே பல மாடல்களுக்கு டெலிவரி வாரக்கணக்கில் தள்ளிப்போனது. அன்றைக்கே பலவற்றுக்கு "ஜூன்" என்று காட்ட ஆரம்பித்துவிட்டது. ஏப்ரல் கடைசியில், காலாண்டுக் கணக்கு பேசும்போது டிம் குக்கும் அதையேதான் சொன்னார்: கேட்பவர்கள் அதிகம், சப்ளை குறைவு.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 29 அன்று, வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வேறொரு செய்தி வந்தது. வாட்சுக்குள் இருக்கிற ஒரு சின்ன பாகத்தில் குறை. அதன் பெயர் டாப்டிக் எஞ்சின். அதை இரண்டு கம்பெனிகள் செய்து கொடுத்தன: ஷென்ஜெனைச் சேர்ந்த ஏஏசி டெக்னாலஜீஸ், ஜப்பானின் நிடெக். பிப்ரவரியில் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கிய பிறகு நடந்த சோதனைகளில், ஏஏசி கொடுத்தவற்றில் சில, நாள் போகப் போக பழுதாவது தெரிந்தது. நிடெக் பாகத்தில் அந்தச் சிக்கல் இல்லை. முழுசாகச் செய்து முடித்த சில வாட்சுகளைக்கூடக் கழித்துப் போட்டார்கள், ஏறக்குறைய மொத்த ஆர்டரையும் நிடெக் பக்கம் திருப்பினார்கள் என்றது செய்தி. பழுதான பாகம் வாடிக்கையாளர் கைக்குப் போனதாக அறிகுறி இல்லை, திரும்பப் பெறும் திட்டமும் இல்லை என்றும் அதில் இருந்தது. இதெல்லாம் பெயர் சொல்லாத ஆட்கள் பத்திரிகைக்குச் சொன்னது, கம்பெனி மேடையேறிச் சொன்னதில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சரி, அது என்ன பாகம்? பழைய செல்போன் 'விர்ர்ர்' என்று அதிரும் இல்லையா, அதற்குள்ளே ஒரு குட்டி மோட்டார், அதன் தண்டில் ஒரு பக்கமாகக் கனமான ஒரு எடை. சுற்றும்போது அந்த ஏறுமாறான எடைதான் போனை உலுக்கும். சுற்ற ஆரம்பிக்கவும் நேரமாகும், நிற்கவும் நேரமாகும். டாப்டிக் எஞ்சினில் சுற்றல் கிடையாது. ஸ்பிரிங்கில் பொருத்திய ஒரு எடையை மின்காந்தச் சுருள் முன்னும் பின்னும் தள்ளும். ஊஞ்சலை அதன் போக்கிலேயே சரியான நேரத்தில் தள்ளினால் குறைந்த பலத்தில் நன்றாக ஆடும் அல்லவா, அதே தத்துவம். சட்டென்று ஆரம்பிக்கும், சட்டென்று நிற்கும். மணிக்கட்டில் யாரோ விரலால் தட்டின மாதிரி இருக்கும்.

இந்தத் தட்டல் அந்த வாட்சில் ஒரு அலங்காரம் கிடையாது. மெசேஜ் வந்தால் தட்டும். வழிகாட்டும்போது வலப்பக்கம் திரும்ப ஒரே சீராகப் பன்னிரண்டு தட்டு, இடப்பக்கம் திரும்ப இரண்டிரண்டாக மூன்று ஜோடித் தட்டு. திரையைப் பார்க்காமலேயே தெருவில் நடக்கலாம். வாட்ச் வந்த சில நாட்களிலேயே, காதும் கண்ணும் குறைபட்ட ஒரு பிரிட்டன் பெண், இந்தத் தட்டலை நம்பி வழி கண்டுபிடித்து நடக்கிறேன் என்று எழுதினார். எனக்கு இந்த விஷயத்தின் கனம் புரிந்தது அங்கேதான். நமக்கு அது 'நோட்டிஃபிகேஷன்'. அவருக்கு அது கைத்தடி. கைத்தடி மூன்றாவது மாதம் நடுரோட்டில் முறிந்தால் என்ன ஆகும்?

"நாள் போகப் போக" என்கிற வார்த்தைகளில்தான் பொறியியல் எல்லாம் இருக்கிறது. பெட்டியைத் திறந்ததுமே வேலை செய்யாத பாகம் பெரிய ஆபத்தில்லை, தொழிற்சாலைச் சோதனையிலேயே பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். இன்றைக்கு ஒழுங்காகத் தட்டி, ஆறு மாதம் கழித்து ஓய்ந்துபோகிற பாகம்தான் வில்லன். ஒரு நாளைக்கு 150 தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 54,750. அத்தனை முறை அந்த ஸ்பிரிங் தாங்குமா என்று பார்க்க ஒரு வருடம் காத்திருக்க முடியாது. அதனால் ராத்திரி பகலாக ஓட்டி, சூட்டில் வைத்து, வயதை வேகமாக ஏற்றிப் பார்ப்பார்கள். எவ்வளவு வேகப்படுத்தினாலும் அதற்கென்று ஒரு காலம் பிடிக்கும். மேடையில் தேதி அறிவித்த பிறகு சுருங்கிப்போவது இந்தக் காலம்தான்.

இரண்டு சப்ளையர் இருந்தார்களே, ஒருவர் போனால் இன்னொருவர் என்பதற்குத்தானே அது? காகிதத்தில் அப்படித்தான். ஆனால் கல்யாண வீட்டில் மாவு, சட்னி, சாம்பார் எல்லாம் ஆயிரம் பேருக்குத் தயார், இட்லிக் கொப்பரை மட்டும் இரண்டில் ஒன்று ஓட்டை என்றால், பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதை மிச்சமுள்ள அந்த ஒரு கொப்பரைதான் முடிவு செய்யும். திரையும் சிப்பும் லட்சக்கணக்கில் குவிந்து கிடந்தாலும், நல்ல மோட்டார் எத்தனையோ அத்தனை வாட்சுதான். நிடெக் தன் உற்பத்தியை ஏற்றும்வரை மற்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். வேறு சில சப்ளையர்களிடம் ஜூன் வரை வேகத்தைக் குறையுங்கள் என்று ஆப்பிள் சொன்னதாகவும், இவ்வளவு கிராக்கி இருக்கும்போது ஏன் குறைக்கச் சொல்கிறார்கள் என்று அவர்கள் குழம்பியதாகவும் அதே செய்தியில் இருந்தது. கொப்பரைக் கணக்கைப் போட்டால் குழப்பமே இல்லை.

இனி என் விமர்சனம். பாராட்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

செய்தி உண்மையென்றால், சோதனை செய்தது, பழுது என்று தெரிந்ததும் முடித்த வாட்சையே தூக்கிப் போட்டது, இரண்டும் சரியான முடிவு. "இப்போதைக்கு அனுப்பிடுவோம், கம்ப்ளெயின்ட் வந்தா மாத்திக் கொடுத்துக்கலாம்" என்று சொல்லக்கூடிய ஒருவராவது அந்த அறையில் இருந்திருப்பார், எல்லா அறையிலும் இருப்பார். அவர் ஜெயிக்கவில்லை. ஆனாலும் வலை முழுசாக மீனைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது: விமர்சகர் ஜான் க்ரூபருக்கு முதலில் வந்த வாட்சில், முழு வலுவில் வைத்தும் தட்டல் சரியாகத் தெரியவில்லை, பிறகு மாற்றித் தந்தார்கள் என்று அவரே எழுதினார். அது இதே குறைதானா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். விமர்சனத்துக்கென்று பொறுக்கி அனுப்பும் கைக்கடிகாரத்திலேயே அப்படி ஒன்று நடந்தது என்பது மட்டும் பதிவில் இருக்கிறது.

குறை என்று நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, இருந்த கொஞ்சத்தை எங்கே வைத்தார்கள் என்பது. ஏப்ரல் 24 அன்று ஆப்பிளின் சொந்தக் கடைக்குள் போய்க் காசைக் கொடுத்து வாங்கிவர முடியாது. ஆனால் பாரிஸில் கொலெட், லண்டனிலும் டோக்கியோவிலும் டோவர் ஸ்ட்ரீட் மார்க்கெட் போன்ற ஃபேஷன் கடைகளில் கிடைத்தது. ராத்திரி கண்விழித்துப் பதிவு செய்தவர் ஜூனுக்குக் காத்திருக்க, அன்றைக்குக் காலையில் கடை வாசலில் வரிசையில் நின்றவர் கட்டிக்கொண்டு போகிறார். பற்றாக்குறை நேரத்தில் ஒரு கம்பெனி யாரை முதலில் கவனிக்கிறது என்பது அதன் விளம்பரங்களைவிடத் தெளிவாகப் பேசும்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். காத்திருந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட கதை. தேவை அதிகம் என்பது பொய் இல்லை, நிஜமாகவே அதிகம்தான். ஆனால் ஒரு உண்மையை இன்னொரு உண்மையின் மேல் போர்வையாகப் போர்த்தலாம். ஜூலையில் குக் சொன்ன ஒரு தகவல் இதற்குப் பொருத்தமானது: ஏப்ரல், மே இரண்டையும்விட ஜூனில்தான் விற்பனை அதிகம். ஜூன் என்பது சப்ளை தேவையை எட்டிப்பிடித்த மாதம், கடைகளிலும் விற்க ஆரம்பித்த மாதம், சிங்கப்பூர் உட்பட இன்னும் ஏழு நாடுகளுக்கு வாட்ச் போன மாதம். அப்படியானால் முதல் இரண்டு மாதமும் விற்பனைக்கு எல்லை கட்டியது ஆசை இல்லை, சரக்கு. எத்தனை விற்றது என்ற எண்ணிக்கையை அவர்கள் வெளியிடவில்லை, 'மற்ற பொருட்கள்' என்ற தலைப்புக்குள் போட்டுவிட்டார்கள். நம் ஊருக்கு வாட்ச் வர நவம்பர் ஆனது.

"ஒரு பாகத்தில் குறை கண்டோம், அதை உங்கள் கையில் கட்ட எங்களுக்கு மனசில்லை, ஆறு வாரம் பொறுங்கள்." இதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பங்குச் சந்தையில் ஒரு நாள் ஆட்டம் கண்டிருக்கும். சப்ளையர் ஒப்பந்தம், வழக்கு என்று வக்கீல்கள் பயந்திருப்பார்கள், அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் தட்டலை நம்பித் தெருவில் நடக்கிறவருக்கு, 'நிறையப் பேர் கேட்கிறார்கள்' என்பதைவிட 'முறியக்கூடியதைக் கழித்துவிட்டோம்' என்பதுதான் உபயோகமான தகவல்.

இப்போது சொந்தக் கதை. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சின்னக் கம்பெனியில், கையில் பிடித்து பில் போடும் கருவி ஒன்று செய்தோம். மென்பொருள் என் பொறுப்பு. இரண்டு இடத்திலிருந்து கீபேட் வந்தது. ஒன்றில் '5' என்ற பட்டன் பல ஆயிரம் முறை அழுத்தியதும் பிடிப்பு விட்டுப்போனது. நல்லவேளை, சோதனையில் தெரிந்தது. அனுப்புவதை நிறுத்தினோம், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். ஆனால் வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போக வேண்டுமே? "எதிர்பார்த்ததைவிட அதிக ஆர்டர்கள் குவிந்திருப்பதால்" என்று ஆரம்பிக்கும் அந்த மெயிலை டைப் பண்ணியது நான். மேனேஜர் சொன்னார், நான் எழுதினேன். ஆர்டர் அதிகம் என்பதும் உண்மைதான், ஏழோ எட்டோ கூடுதலாக வந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு கடைக்காரர் போன் பண்ணினார். முதல் தவணையில் வாங்கியவர். "தம்பி, அஞ்சாம் நம்பர் அமுக்கினா விழ மாட்டேங்குது, என் ஒண்ணு மட்டும்தானா இப்படி?" என்று கேட்டார். நிறுத்துவதற்கு முன்னால் போன பெட்டிகளில் ஒன்று அவரிடம் இருந்திருக்கிறது. உண்மையை எழுதியிருந்தால் அவர் அன்றைக்கே மாற்றிக் கேட்டிருப்பார். மூன்று வாரம் ஐந்நூறு ரூபாய் பில்லையெல்லாம் இரண்டாகப் பிரித்து, 499-ம் 1-மாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அதனால்தான் கம்பெனிகள் "அமோக வரவேற்பு காரணமாகத் தாமதம்" என்று எழுதும்போதெல்லாம் நான் கொஞ்சம் நின்று படிக்கிறேன். அதில் பொய் இருக்கிறது என்று தேடுவதில்லை. சொல்லாமல் விட்டது எந்த பாகம் என்றுதான் தேடுகிறேன்.