சொல்லுரிமையும் அதன் எல்லையும்

கருத்துரைக்கும் உரிமை எல்லையற்றதன்று என்பதை மறுப்பார் இலர். அவ்வெல்லையை எங்கே வகுப்பது, வகுக்கும் அதிகாரத்தை யாரிடம் ஒப்புவிப்பது என்னும் இரண்டுமே வாதத்துக்குரியன. இணையத்திற் பரவும் சொல்லைக் கட்டுப்படுத்துதற்கென இலங்கைப் பாராளுமன்றம் 2024ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அச்சட்டத்தின் தகுதியை நூற்கோட்பாடு கொண்டு மட்டும் அளத்தல் சாலாது. கிழக்கு மாகாணத்தில் முன்னர் நிகழ்ந்த ஒன்றை உரைகல்லாகக் கொள்வதே பொருத்தமாகும்.

வயலும் குளமும் சூழ்ந்த இறக்காமம், தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர். அவ்வூரார் கச்சேரிக் கருமங்களுக்காகச் செல்லும் அம்பாறை நகரோ சிங்கள மக்களைப் பெரும்பான்மையினராகக் கொண்டது. அந்நகரில் 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, முஸ்லிம் உணவுச்சாலை ஒன்றிற் கறியில் ஒரு கட்டியைக் கண்டோர், அது மலடாக்கும் மாத்திரை எனக் குற்றஞ்சாட்டினர். சிங்களம் நன்கறியாத பணியாளர், சூழ்ந்து நின்றோர் கேட்டதன் பொருள் விளங்காமலே அதனை ஒப்புக்கொள்வார் போல விடையளித்தார். அக்காட்சி படமாக்கப்பட்டு முகநூலிற் பரவியது. உணவுச்சாலை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் சேதமுற்றது. அக்கட்டி வெறும் மாப்பொருளே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அறிவித்தது பின்னரேயாம். அதற்குள், வேறொரு காரணம் பற்றிக் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் கலவரம் மூண்டுவிட்டது.

ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்டுவாட் மில், 1859ஆம் ஆண்டு வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றார். தானிய வணிகரே ஏழைகளின் பட்டினிக்குக் காரணர் என்னும் கருத்து, பத்திரிகையில் வெளிவருமாயின் தடுக்கப்படலாகாது. அதே கருத்து வணிகன் ஒருவனின் வீட்டு வாயிலிற் கொதித்து நிற்கும் கூட்டத்தின்முன் கூறப்படின் தண்டனைக்குரியது என்பது அவர் முடிபு. மில் கண்ட பத்திரிகையும் வாயிற்கூட்டமும் வெவ்வேறிடத்தன. இணையமோ அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.  ஆதலின், கட்டுப்பாடே வேண்டா என்பார் கூற்று ஏற்புடையதன்று. 2018ஆம் ஆண்டு வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்கிற்காக முகநூல் நிறுவனமே 2020ஆம் ஆண்டு வருத்தம் தெரிவித்தமையும் இதற்குச் சான்றாம்.

ஆயினும், எதனைக் கட்டுப்படுத்துவது? வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் வகுக்கப் புகுந்தபோது, பிறர்க்குத் தீங்கு பயவாமையையே அதன் அளவுகோலாகக் கொண்டார். 2024ஆம் ஆண்டுச் சட்டமோ, தன் குற்றப் பிரிவுகள் பலவற்றைப் பொய்க் கூற்று என்னும் அடிப்படைமீது நிறுவியது. பொய்யென்று அறிந்தே கூறியவனை அது பற்றலாம். மாத்திரைக் கதையை மெய்யென நம்பிப் பரப்பியவன் அவ்வேலிக்குப் புறத்தே நிற்பான். மேலும், மெய் எது பொய் எது என்பது அவ்விரவில் யார்க்குத் தெரிந்தது? ஆய்வுக்கூடத்து முடிபு வரும்வரை அதனைத் துணிதல் அரிது. 'கடையை உடையுங்கள்' என்னும் ஏவலோ, கறியில் மாத்திரை இருப்பினும் இல்லாவிடினும் குற்றமேயாகும். அதனைத் தடுப்பதற்கு இரசாயன ஆய்வு வேண்டுவதில்லை.

பொய்யைத் துணியும் அதிகாரம் சனாதிபதியால் நியமிக்கப்படும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அளிக்கப்பட்டமை இரண்டாவது குறையாகும். நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்பது ஓரளவு காப்பே. எனினும் அது நீதிமன்றத்துக்கு ஈடாகாது. அதிகாரம் தவறியமைக்கு எடுத்துக்காட்டுத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இனப்பகையைத் தூண்டுவோரைத் தண்டிக்கும் ஏற்பாடு 2007ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சமவாயச் சட்டத்திலேயே இருந்தது. அது அம்பாறையைக் காக்கவில்லை. ஆனால், வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவாலும் எழுத்தாலும் எதிர்க்க வேண்டுமென முகநூலில் எழுதிய ரம்ஸி ராசிக் என்பவர் 2020ஆம் ஆண்டு ஏப்பிரலில் அதே சட்டத்தின்கீழ்க் கைதாகி, ஐந்து மாதங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. மெலியாரைக் காக்க ஆக்கிய வாள் மெலியார்மீதே விழுந்தது.

நீதிமன்றம் மெல்ல நடப்பது, இணையச் சொல்லோ நொடியிற் பரவுவது எனச் சட்டத்தை ஆதரிப்போர் கூறுவர். இது தள்ளத்தக்க வாதமன்று. எனினும் விரைவு வேண்டிய இடம் தண்டனையன்று, மறுப்பாகும். அன்றிரவே அதிகாரிகள் இரு மொழியிலும் உண்மையை உரக்கச் சொல்லியிருப்பின், வதந்தி அத்துணை வலிமை பெற்றிராது. அதனை விடுத்து, 2018ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் முதல் ஏறக்குறைய ஒரு வாரம் சமூக வலைத்தளங்களை அரசு முடக்கியது. மாற்றுவழி அறிந்தோர் அத்தடையை எளிதிற் கடந்தனர். உற்றார் நலம் அறிய விழைந்த எளியோரே வாயடைபட்டனர்.

ஆகவே, வன்முறைக்கு ஏவும் சொல் ஒன்றே குற்றமாதல் வேண்டும்; அதனைத் துணிவது நீதிமன்றமாதல் வேண்டும்; வதந்திக்கு மறுமொழி கூறுவது அரசின் கடமையாதல் வேண்டும். இம்மூன்றும் அமையாத சட்டம், இறக்காமத்திலிருந்து அம்பாறைக்குச் சென்று ஒருவேளைச் சோறுண்ணும் வழிப்போக்கனுக்கும் அவனுக்குச் சோறிடும் கடைக்காரனுக்கும் அச்சத்தையே மிகுவிக்கும். இவ்விருவரையும் காவாத சட்டம் எத்துணைப் பிரிவுகள் உடையதாயினும் பயனின்று.