சுவரில் ஓர் இடைவெளி: ஜான் பன்யன் எழுத்துகளில் சபை ஐக்கியமும் ஏற்பும்

முன்னுரை

சிலர் ஒன்றுகூடித் திருமறையை வாசித்து, அதனைத் தத்தம் வாழ்வோடு பொருத்திப் பேசும் சிறு குழு, சீர்திருத்தக் கிறித்தவத்தின் உயிர்நிலைகளுள் ஒன்றாகும். அத்தகைய குழுவில் புதியவர் ஒருவர் எவ்வாறு இடம்பெறுகிறார், அவரை ஏற்பவர் யார், எதனை அடிப்படையாகக் கொண்டு ஏற்கின்றனர் என்னும் வினாக்களுக்கு இலக்கியச் சான்று தேடுவோர், ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யனை (1628–1688) ஒதுக்கிச் செல்ல இயலாது. ஆயினும் அவர் பெரும்பாலும் தனிமனித மீட்பின் எழுத்தாளராகவே வாசிக்கப்படுகிறார். அவருடைய ‘மோட்சப் பயணம்’ என்னும் உருவகக் கதையில் (1678), மனைவி மக்களின் கூக்குரல் கேளாதவாறு காதுகளில் விரலிட்டு ஓடும் கிறிஸ்தியானை, துணையற்ற அகத்தனிமையின் வடிவமாக மாக்ஸ் வெபர் தம் சீர்திருத்தக் கிறித்தவ அறநெறி பற்றிய ஆய்வில் (1904–1905) எடுத்துக்காட்டினார். இவ்வாசிப்பு பன்யனின் ஒரு பாதியை மட்டுமே காண்கிறது என்பது நம் கருத்து.

வெயிலில் அமர்ந்த பெண்கள்

பன்யன் பாத்திரம் செப்பனிடும் தொழிலாளி. அவருடைய தன்வரலாறு, ‘பெரும்பாவிக்குப் பெருகிய அருள்’ எனத் தமிழில் பெயர்க்கத்தக்க தலைப்புடையது. சமயப் பேச்சுக் குற்றத்திற்காக அவர் சிறையிருந்த காலத்தில் (1660–1672), 1666ஆம் ஆண்டு அது வெளிவந்தது. தொழில் நிமித்தம் பெட்ஃபோர்டு நகருக்குச் சென்ற அவர், வாசலோரம் வெயிலில் அமர்ந்து இறைவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் மூவர் நால்வரைக் கண்டதை அதில் விவரிக்கிறார். தாமும் சமயம் பேச வல்லவர் என்ற எண்ணத்தோடு அவர் அருகே சென்றார். ஆனால் அவர்கள் பேச்சு அவருக்கு விளங்கவில்லை. புதுப்பிறப்பையும், தம் உள்ளத்தின் நம்பிக்கையின்மையையும், தம்மைத் தேற்றிய திருமறை வாக்குறுதிகளையும் அப்பெண்கள் பேசினர். மகிழ்ச்சியே அவர்களைப் பேச வைத்தது போலிருந்தது என்கிறார் பன்யன்.

இங்குப் போதகர் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. எனினும் திருமறை ஆய்வுக் குழுவின் சாரம் முழுவதும் இவ்வாசலில் உள்ளது. தாமும் பேச வந்தவர் இங்குக் கேட்பவராக மாறுகிறார். ஐக்கியத்தின் முதற்படி இந்த மாற்றமே.

பின்னர் அவர் கண்ட காட்சியும் நோக்கத்தக்கது. அப்பெண்கள் ஓர் உயர்ந்த மலையின் வெயிற்புறத்தில் இளைப்பாறுகின்றனர். அவரோ பனியிலும் குளிரிலும் நடுங்குகிறார். இடையே சுவர். நெடுநேரம் தேடி ஒரு குறுகிய இடைவெளியைக் கண்டு, முதலில் தலையையும் பின்பு தோள்களையும் நுழைத்து, உடலை நெருக்கி உட்சென்று, அவர்கள் நடுவில் அமர்கிறார். அவ்விடைவெளி கிறிஸ்துவே எனப் பன்யன் தாமே பொருளுரைக்கிறார். உட்சென்றவர் தனியே இறைவன்முன் நிற்கவில்லை, பெண்களின் நடுவில் அமர்கிறார் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

சிறு சான்றில் பெரும் ஏற்பு

காட்சியில் அவர் முயன்று நுழைந்தார். நடைமுறையிலோ ஏற்பு வேறுவிதமாக நிகழ்ந்தது. தம் நிலையை அவர் அவ்வேழையரிடம் வெளியிட, அவர்கள் தம் போதகராகிய ஜான் கிஃபர்டிடம் எடுத்துரைத்தனர். முன்பு அரசர் தரப்புப் படையில் பணியாற்றி மரண தண்டனையிலிருந்து தப்பியவர் கிஃபர்டு. தம்மைப் பற்றி நல்லெண்ணம் கொள்ள அவர் விரும்பினார் என்றும், அதற்கான ஆதாரம் சிறிதே என்றும் பன்யன் எழுதுகிறார். கிஃபர்டு அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்து, பிறரோடு தாம் நிகழ்த்தும் உரையாடல்களைக் கேட்கச் செய்தார். தகுதி மெய்ப்பிக்கப்படும் முன்னரே ஏற்பு வழங்கப்பட்டது. அவ்வுரையாடல்களால் அவர் உடனே அமைதி பெறவில்லை. தம் உள்ளத்தின் தீமையை முன்னிலும் மிகுதியாகக் கண்டதாகவே கூறுகிறார். ஐக்கியத்தை ஆறுதல் என்று மட்டும் பொருள்கொள்வார்க்கு இது ஒரு திருத்தமாகும்.

மாளிகை வாயிலும் மெலிந்தோர் நடையும்

இவ்வனுபவம் ‘மோட்சப் பயண’த்தில் அலங்கார மாளிகையாக உருப்பெறுகிறது. வாயிலில் கிறிஸ்தியான் வினவப்படுகிறான். பின் குடும்பத்தாருள் ஒருவனாக உணவருந்தி, கதிரவன் எழும் திசை நோக்கிய அறையில் துயில்கிறான். வாசலின் வெயிலும் மலையின் வெயிலும் இச்சாளரத்தில் தொடர்கின்றன. மனைவி மக்களை ஏன் உடனழைத்து வரவில்லை என அம்மாளிகையில் அன்பு என்னும் பெண் கேட்க, அவன் அழுகிறான். வெபர் சுட்டிய தனிமையை நூலே விசாரணைக்கு உட்படுத்துகிறது. அவ்விசாரணை நிகழுமிடம் சபையே.

ஏற்புக்கு எல்லையும் உண்டு. திருமறையைச் சரளமாகப் பேசும் வாயாடி புறந்தள்ளப்படுகிறான். முன்னாள் பன்யனின் நிழல் அவனிடம் உண்டு. மாறாக, 1684இல் வெளிவந்த இரண்டாம் பகுதியில் மனத்தளர்ச்சி மிக்க ஒருவன், தான் பிறருக்குச் சுமையாவேன் என்று தயங்குகிறான். வழிகாட்டியாகிய பெருநெஞ்சன், அவன் பொருட்டுத் தாங்கள் காத்திருப்பதாகவும், அவனைக் கலங்கச் செய்யும் விவாதங்களைத் தவிர்ப்பதாகவும் உறுதியளிக்கிறான். அவ்வேளை ஊன்றுகோல்களுடன் வரும் மற்றொருவன் அவனுக்குத் துணையாகிறான். குழுவின் நடை வலியோரால் அன்றி மெலிந்தோரால் அளவிடப்படுகிறது.

திருப்பித் தரப்படாத கடன்

இவ்விடத்தில் ஒரு முரணைச் சுட்டுதல் வேண்டும். இரண்டாம் பகுதிக்கு ஓராண்டு முன்னர், 1683இல், சபைப் பெண்கள் ஆண்களின்றித் தனியே கூடி வழிபடலாமா என்னும் வினாவிற்குப் பன்யன் ஒரு சிறுநூலில் விடையளித்தார். கூடாது என்பதே அவ்விடை. வாசலோரப் பெண்கள் எவரது அனுமதியும் பெற்றுப் பேசியவர்கள் அல்லர். அப்பேச்சினால் வழிகண்டவர், அத்தகைய கூட்டத்திற்குச் சபையில் இடமளிக்க மறுத்தார். இரண்டாம் பகுதியில் கிறிஸ்தியானாளும் அவள் தோழியும் கதையின் நடுவிடம் பெறுகின்றனர்; பெண்களின் சிறப்பைப் பேசும் உரை ஒன்றும் இடம்பெறுகிறது. ஆயினும் வழியின் பெரும்பகுதியில் ஆடவன் ஒருவன் முன்செல்கிறான். பன்யனின் கற்பனை அவருடைய சபை ஒழுங்கைவிடச் சற்றே தாராளமானது, முற்றிலும் தாராளமானதன்று.

முடிவுரை

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) ‘இரட்சணிய யாத்திரிக’த்தை (1894) முதற்பகுதியைத் தழுவியே யாத்தார். ஆதலின் தமிழ்க் காப்பிய மரபில் நமக்கு அறிமுகமான பயணி பெரிதும் தனித்துச் செல்பவனே. அக்காப்பியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மூலநூலின் இரண்டாம் பகுதியையும் தன்வரலாற்றையும் உடன்வைத்து நோக்குவாராயின், மீட்பு என்பது ஒருவன் ஓட்டம் மட்டுமன்று, பலர் பேச்சில் விளைவதும் ஆகும் என்பது மாணவர்க்குப் புலனாகும். அப்பேச்சைத் தொடங்கிய பெண்களின் பெயரைப் பன்யன் நமக்குத் தரவில்லை என்பதும் அவ்வகுப்பில் சொல்லப்பட வேண்டிய செய்தியே.